அறிவு முகாமைத்துவம்: வாடிக்குள் வைத்துக் கேட்ட ஒரு சொல்

அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வயல் வாடியில், அதாவது வயலோரக் குடிசையில், உட்கார்ந்து அறிக்கை ஒன்றைத் தமிழில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அலுவலகத்துக்காக நான் மொழிபெயர்த்தது. விவசாயிகளுக்கு விளங்குகிறதா என்று பார்க்கத்தான் அங்கே போனேன். இரண்டாம் பக்கத்தில் நொலேஜ் மனேஜ்மன்டுக்கு நான் போட்ட "அறிவு முகாமைத்துவம்" வந்ததும், வெற்றிலை மென்றுகொண்டிருந்த வட்டவிதானையார் கையைக் காட்டி நிறுத்தினார். வயல் வட்டத்தின் தண்ணீரையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்பவர் அவர்.

"அறிவுக்கும் முகாம் போட்டுட்டாங்களா மனே?"

அவரைக் குறை சொல்ல முடியாது. மத்தியமுகாம் என்று ஊரே இருக்கிற பக்கம் அது. அகதி முகாம், இராணுவ முகாம் என்று பாதி ஆயுளைக் கழித்த மனிதருக்கு அந்தச் சொல் வேறு எதை நினைவூட்டும்? விளக்கம் சொல்லப் போனேன், வாய் குழறியது. அன்றைக்குச் சொல்ல வராததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் முகாமை. முகாம் அரபு வழி வந்த சொல், தங்குமிடம் என்று பொருள். முகாமை வேறு. தலைமை, மேற்பார்வை என்ற பொருளில் பழைய அகராதிகளில் அது கிடக்கிறது. இலங்கையில் பாடநூல் எழுதியவர்கள் அதை எடுத்து, வடமொழி விகுதியான "-த்துவம்" சேர்த்து மனேஜ்மன்ட் என்பதற்கு நிறுத்திவிட்டார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பீடங்களின் பெயரிலேயே முகாமைத்துவம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதையே மேலாண்மை என்கிறார்கள். மேல், ஆண்மை இரண்டும் சேர்ந்தது. இந்த ஆண்மை ஆம்பிளைத்தனம் அல்ல, ஆளுதல்.

அந்த ஆண்மை மட்டக்களப்பு, அம்பாறை வாயில் தினமும் புழங்குவதுதான். வேளாண்மை என்றால் எங்களுக்குப் பாடநூல் விவசாயம் இல்லை, வயலில் நிற்கிற நெல்லே வேளாண்மை. வேளாண்மை செய்கிறோம், வேளாண்மை வெட்டுகிறோம், வேளாண்மையை ஆனை மிதித்துவிட்டது என்று அழுகிறோம். குறளில் அதே சொல் வந்தவருக்கு உதவுவது என்ற பொருளில் வரும். பிறகு சோறு போடும் தொழிலுக்கே பெயராகிவிட்டது.

இனி ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பாருங்கள். மனேஜ் இத்தாலிய மொழியில் குதிரையைப் பழக்குவதைக் குறித்த ஒரு வினையிலிருந்து வந்தது. அதன் வேர் லத்தீனில் மனுஸ், அதாவது கை. கடிவாளத்தைப் பிடிக்கிற கை. இந்த இடத்தில் எனக்குச் சின்னதாக ஒரு எரிச்சல் வரும். கை, ஆளு இரண்டையும் சேர்த்துக் கையாளுதல் என்ற சொல்லைத் தமிழ் எப்போதோ செய்து வைத்திருக்கிறது. வேர் வரைக்கும் பொருந்துகிற அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, தலைமையையும் மேற்பார்வையையும் தேடிப் போயிருக்கிறோம்.

சரி, நொலேஜ் மனேஜ்மன்ட் என்ற முழுத் தொடருக்கு வருவோம். ஆட்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்துப் பேணி, மற்றவருக்கும் கைமாற்றிப் பயன்படுத்துவது என்று பொருள். இதற்கு அவ்வளவு வயதில்லை. முகாமைத்துவம் பற்றி எழுதிவந்த பீட்டர் டிரக்கர் 1959இல் "அறிவுத் தொழிலாளர்" என்று எழுதினார். உடம்பால் அல்லாமல் தெரிந்ததை வைத்துப் பிழைப்பவர்கள் பெருகுகிறார்கள் என்பது அவர் கண்டது. 1966இல் மெய்யியலாளர் மைக்கல் பொலானி, வாயால் சொல்ல முடிவதைவிட அதிகமாகவே மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது என்றார். 1990களில் நொனாக்கா, தக்கேயுச்சி என்ற இரண்டு ஜப்பானியர் இந்த இரண்டையும் பிடித்து நிறுவனங்களுக்குள் கொண்டுபோனார்கள்.

நொனாக்கா சொல்லும் கதை ஒன்று உண்டு. மாட்சுஷிட்டா நிறுவனம் வீட்டிலேயே பாண் சுடும் இயந்திரம் செய்யப் பார்த்தது. மாவு சரியாகப் பிசைபடவில்லை. எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் அங்கே மென்பொருள் எழுதிய ஒரு பெண், ஒசாக்காவில் ஒரு ஹோட்டலின் தலைமைப் பாண் சமையற்காரரிடம் போய் அருகில் நின்று வேலை பழகினார். மாவை இழுக்கும்போது அவர் சேர்த்து முறுக்குவதையும் பிடித்துக்கொண்டார். அந்த முறுக்கு இயந்திரத்துக்குள் போனது. 1987இல் இயந்திரம் கடைக்கு வந்து நன்றாகவே விற்றது.

மட்டக்களப்பில் ஏதாவது ஒரு ரொட்டிக் கடையில் போய் மாவை எப்படி வீசுவது என்று கேளுங்கள். "பாத்திட்டு நில்லு தம்பி" என்பதற்கு மேல் பதில் வராது. கைப்பழக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான். மேலைநாட்டார் உள்ளுறை அறிவு என்று தனிப் பெயர் வைத்து வகுப்பு நடத்துகிறார்கள். அதற்கு எதிர்ப்பக்கம் எழுத்தில் அடங்கும் அறிவு. அதற்கு நெல்லின் பெயரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் தந்த நெல் இனங்களுக்கு பிஜி என்று முன்னால் வரும், அம்பலாந்தோட்டையில் பிறந்தவற்றுக்கு ஏடி. பின்னால் வரும் எண்தான் விஷயம். பிஜி 300 என்றால் மூன்று மாத நெல். பிஜி 352, ஏடி 362 என்றால் மூன்றரை மாதம். பல வருட ஆராய்ச்சியில் கிடைத்த ஒரு விடை, பையில் அடித்த மூன்று இலக்கத்துக்குள் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து அந்த இலக்கத்தைத் தெரிவுசெய்யத் தெரிவது இன்னொரு அறிவு. அதைப் பையில் அடிக்க முடியாது.

இதில் பொருளாதாரம் எங்கே வருகிறது? உலக வங்கி தன் 1998/99ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை முழுவதையும் அறிவு என்ற தலைப்பிலேயே எழுதியது. அதில் கானாவையும் தென்கொரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அதற்கு நாற்பது வருடம் முன்பு இரண்டிலும் ஆள்வீத வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான். 1990களின் தொடக்கத்தில் கொரியாவினது ஆறு மடங்கு. அந்த இடைவெளியில் பாதி, கொரியா அறிவைப் பெற்றுப் பயன்படுத்தியதால் வந்தது என்று சிலர் கணக்கிடுவதாக அறிக்கை சொல்கிறது. அவ்வளவும் அறிவால்தான் என்று முடித்துவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நிலச் சீர்திருத்தமும் வந்து சேர்ந்த உதவிப் பணமும் கொரியாவுக்குக் கொஞ்சமா கைகொடுத்தன? ஆனாலும் அந்த அறிக்கை பிரித்துக் காட்டிய இரண்டு குறைகள் உபயோகமானவை. ஒன்று, எப்படிச் செய்வது என்று தெரியாமை. மற்றது, எதிரில் நிற்பவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமை. வேளாண்மை வெட்டியதும் களத்தடிக்கே வருகிற வியாபாரிக்குக் கொழும்பு விலை தெரியும், நமக்குத் தெரியாது. இது இரண்டாவது வகை.

பால் ரோமர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1990இல் இன்னொன்றைக் கணக்குப் போட்டுக் காட்டினார், 2018இல் நோபல் பரிசும் வாங்கினார். ஒரு மூட்டை பசளையை ஒரு வயலுக்குத்தான் போடலாம், பசளையை எப்போது போடுவது என்ற அறிவை ஆயிரம் வயலுக்குப் போடலாம், அது குறையாது. கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்று பள்ளிக்கூடத்தில் பாட்டாகப் படித்ததுதானே.

வாடியில் வட்டவிதானையாருக்குப் பொலானியும் ரோமரும் தேவைப்படவில்லை. நான் கல்லோயாக் கதையைச் சொன்னேன். கல்லோயாவை மறித்துக் கட்டிய பெரிய குளமான சேனாநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை வாய்க்கால்களில் 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் ஒரு வேலை செய்தன. படித்த இளைஞர்களை விவசாயிகளிடையே குடியிருக்க அனுப்பினார்கள். உத்தரவு போடுவது அவர்கள் வேலை இல்லை, வாய்க்காலுக்கு வாய்க்கால் ஆட்களைக் கூடிப் பேசவைப்பதுதான். மேல்வாய்க்கால்காரர் எவ்வளவு தண்ணீரை வீணாக விடுகிறார் என்பது கீழ்வாய்க்கால்காரருக்குத் தெரியும். எந்த இடத்தில் கட்டு உடைகிறது என்பது மேலே இருப்பவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதுவரை பேசிக்கொண்டதில்லை. மேலே பெரும்பாலும் சிங்களவர், கீழே தமிழ் பேசுவோர். பேசத் தொடங்கியதும் வாய்க்கால்களை வெட்டித் துப்புரவாக்கினார்கள், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மிச்சத்தைக் கீழே விட்டார்கள். அந்தக் கால இலங்கையில் இது சாதாரண விஷயமில்லை. இதை நோர்மன் அப்ஹாஃப் என்பவர் புத்தகமாகவே எழுதினார்.

"அதுக்கு முதல் அதெல்லாம் விதானையிர வேலைதானே" என்றார் வட்டவிதானையார்.

உண்மைதான். வெல்விதானை என்று அரசு கொடுத்திருந்த பதவியை 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் எடுத்துவிட்டுக் குழுக்களை வைத்தது. கிழக்கில் அந்தப் பெயர் சாகவில்லை. வட்டவிதானை இன்றும் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு வருகிறார், வாய்க்கால் வெட்டுவிக்கிறார், எந்த வரம்பை யார் உடைத்தது என்பதைத் தலையில் வைத்திருக்கிறார். அந்தத் தலைக்குள் இருப்பது எழுதப்பட்டதில்லை. அலுவலகங்களில் அறிவு முகாமைத்துவ அலகு என்று பலகை மாட்டியிருப்பார்கள். உள்ளே போனால் பழைய செயலமர்வுப் படங்களும் யாரும் திறக்காத கோப்புகளும் இருக்கும். அது தரவு, மிஞ்சிப்போனால் தகவல். ஒருவர் எடுத்து ஒரு வேலையைச் செய்தால்தான் அதற்கு அறிவு என்று பெயர். தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருந்தும் நாம் கலந்து அடிக்கிறோம்.

அப்படியானால் சரியான தமிழ் எது? பரீட்சை எழுதும் பிள்ளைகள் அறிவு முகாமைத்துவம் என்றே எழுதட்டும், புள்ளி போகக்கூடாது. தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதினால் அறிவு மேலாண்மை. இரண்டிலும் எனக்கு ஒரு குறை. மேலே ஒருவர் இருந்து அறிவை ஆளுகிறார் என்ற படம்தான் இரண்டிலும் தெரிகிறது. கைமாறுவது தெரியவில்லை. வேளாண்மையை ஒட்டி அறிவாண்மை என்று போட்டுப் பார்த்தேன், கேட்ட பெண்கள் சிரித்தார்கள். அறிவுக் கையாளல் பொருளுக்குப் பொருந்துகிறது, ஆனால் பொலிஸ் அறிக்கை போலக் கேட்கிறது. கடைசியில் அறிவு பேணிப் பகிர்தல் என்று எழுதினேன். நீளம்தான். ஆனால் வட்டவிதானையார் நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும் "மறுகா?" என்றார், பிறகு என்ன என்று.

மறுகா என்ன, திருத்தியதை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அச்சாகி வந்தபோது பதினான்கு இடத்திலும் முகாமைத்துவம் என்றே மாற்றியிருந்தார்கள்.