எட்டு லிட்டர் கேபினட்டும் தருமபுரி வெயிலும்

கடையில் விற்கும் சாதாரண கம்ப்யூட்டர் கேபினட்டின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிப் பாருங்கள். 40 லிட்டருக்கு மேல் வரும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைப் பக்கத்தில் வைத்தது போல. பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம்தான். அந்த வெற்றிடத்தை நீக்கிவிட்டு அதே கிராபிக்ஸ் கார்டு, அதே வேகத்தோடு ஒரு கம்ப்யூட்டரை சுமார் 8 லிட்டரில் அடக்க முடியும். 2016-ல் இணையத்தில் மக்களிடம் முன்பணம் திரட்டிச் செய்த டான் ஏ4 என்ற கேபினட் வெறும் 7.2 லிட்டர்தான். ஆனால் குளிர்நாட்டு அறைக்குப் போட்ட அளவை அப்படியே எடுத்துவந்து ஏப்ரல் மாதத்துத் தருமபுரியில் வைத்தால் கணக்கு இடிக்கும்.

நம் ஊருக்கேற்ற கேபினட்டை நாமே செய்ய, முதலில் மில்லிமீட்டர் கணக்கு. இந்த வகைக்கு மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டுதான் தோது: 170 × 170 மிமீ. கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகை: 125 × 100 × 63.5 மிமீ. கிராபிக்ஸ் கார்டை போர்டிலேயே செங்குத்தாகச் செருகாமல், ரைசர் கேபிள் என்ற நீட்டிப்பு கேபிள் போட்டு போர்டின் முதுகுப்பக்கம் கொண்டுபோய்விட வேண்டும். நடுவில் ஒரு தகடு, ஒரு பக்கம் போர்டு, மறுபக்கம் கார்டு. சாண்ட்விச் அமைப்பு என்று சொல்வது இதைத்தான்.

அகலத்தை இடமிருந்து கூட்டுவோம். பக்கத் தகடு 1, கார்டின் ஃபேனுக்கு முன் இடைவெளி 4, இரண்டு ஸ்லாட் (பின்பக்கம் இரண்டு செருகிட அகலம்) பிடிக்கும் கார்டு 40, அதன் முதுகுக்கு 5, நடுத் தகடு 1. அடுத்து போர்டு இருக்கும் அறை. அந்த அறையின் அகலத்தை சிபியு கூலர்தான் முடிவு செய்யும் என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் முடிவு செய்வது எஸ்எம்பிஎஸ். 63.5 மிமீ தடிமன், அதன் ஃபேன் மூச்சுவிட 3 மிமீ, ஆக 66.5. கடைசித் தகடு 1. மொத்தம் 118.5 மிமீ.

இப்போது அந்த 66.5-க்குள் கூலருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? போர்டைத் தாங்கும் குட்டித் தூண் (ஸ்டாண்ட்ஆஃப்) 6.35, போர்டின் தடிமன் 1.6, போர்டிலிருந்து சிபியுவின் மேற்பரப்பு வரை சுமார் 7.5, பக்கத் தகட்டுக்கு முன் 3 விட்டால் மிச்சம் 48 மிமீ. கூலர் பெட்டியில் போட்டிருக்கும் உயரம் சிபியுவின் தலையிலிருந்து அளந்தது, போர்டிலிருந்து அல்ல. இந்த 7.5-ஐ மறந்துவிட்டு, தகடு மூடவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் ஏராளம். 37 மிமீ கூலர் வாங்கினால் 11 மிமீ சும்மா கிடக்கும். 47 மிமீ கூலருக்கு கேபினட் ஒரு மிமீகூடப் பெருக்க வேண்டியதில்லை. 40.5 மிமீ தடிமனுள்ள ஃப்ளெக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ்ஸும் 37 மிமீ கூலரும் போட்டால் அகலம் 11 மிமீ குறையும்தான். ஆனால் அதிலுள்ள 40 மிமீ குட்டி ஃபேன் லோடு ஏறியதும் விசில் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது.

நீளத்துக்கு போர்டு 170, கேபிள் வளைய 35, எஸ்எம்பிஎஸ் 100, கரண்ட் பிளக்குக்கு 25, இரு முனைத் தகடு 2: மொத்தம் 332. உயரம் 205 வைத்துப் பெருக்கினால் 8 லிட்டருக்குச் சற்று மேல். இரண்டு ஸ்லாட் என்று விற்கும் கார்டுகளில் பல 42, 45 மிமீ வரை இருக்கும். கையில் கார்டு வந்து வெர்னியர் வைத்து அளக்கும் வரை வரைபடத்தை முடிக்க வேண்டாம்.

அடுத்தது டிகிரி கணக்கு. கேபினட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு வாட் கரண்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே போகிறது. 300 வாட் எடுக்கும் கம்ப்யூட்டரில், வெளியேறும் காற்று நுழையும் காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்குச் சுமார் 27.5 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஃபேன் பெட்டியில் போடும் அளவில் சொன்னால் 58 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 58 கன அடி. நல்ல 120 மிமீ ஃபேன் ஒன்றின் பெட்டியில் ஏறக்குறைய இவ்வளவு போட்டிருக்கும். அது எதிரே தடையே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. சல்லடைத் தகடும் ஃபில்டரும் முன்னால் வந்தால் பாதி கிடைப்பதே பெரிது.

காற்றின் எடையும் இதில் சேர்கிறது. கடல் மட்டத்தில் 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 1.2 கிலோ. தருமபுரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 460 மீட்டர். 38 டிகிரி பகலில் அங்கே அதே கனமீட்டர் 1.08 கிலோதான். ஃபேன் தள்ளுவது கனஅளவு. சூட்டைச் சுமப்பதோ எடை. எனவே அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் இங்கே பத்தில் ஒரு பங்கு குறைவான சூட்டைத்தான் வெளியேற்றும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் வெயில் குறைவு என்பதால் நிலைமை கொஞ்சம் தேவலை.

ஒரு வாட்டுக்கு அரை டிகிரி ஏறும் சின்னக் கூலரில் 65 வாட் சிபியு 32 டிகிரி ஏறும். அறை 22 டிகிரி, கேபினட்டுக்குள் 10 கூடுதல் என்றால் சிபியு 64-ல் நிற்கும். அறை 38 என்றால் 80. இன்னும் தாங்கும். ஆனால் அதே சிபியுவை 100 வாட் வரை ஓட விட்டால் 98-ஐத் தொட முயன்று, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) வாட் வரம்பை 65-ல் கட்டிப்போடுவது இந்த ஊருக்குச் செலவில்லாத வைத்தியம்.

துளைகளை அழகுக்காகப் போடுவது பெரிய தப்பு. 3 மிமீ வட்டத்தை 5 மிமீ இடைவெளியில் அறுகோண அடுக்காகப் போட்டால் திறப்பு 33 சதவீதம்தான். 5 மிமீ வட்டத்தை 6.5 மிமீ இடைவெளியில் போட்டால் 54. வட்டத்துக்குப் பதில் அறுகோணத் துளை என்றால் 59. கார்டின் ஃபேன் தகட்டிலிருந்து 4 மிமீ தள்ளி நிற்பதற்கும் காரணம் உண்டு: ஒட்டினால் இரைச்சல், 15 மிமீ தள்ளினால் கார்டு தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறை இருக்கும் தெருவென்றால் உள்ளிழுக்கும் பக்கம் நைலான் வலை ஃபில்டர் கட்டாயம். காந்தப் பட்டையோடு இருப்பதை வாங்கினால் வாரம் ஒருமுறை கழற்றிக் குழாயில் கழுவலாம். கழுவாத ஃபில்டருக்கு, ஃபில்டர் இல்லாததே மேல்.

தகட்டு வேலைக்கு ஓசூர் தோதான ஊர். வண்டி உதிரிபாகம் செய்யும் பட்டறைகளால் லேசர் கட்டிங், பெண்டிங், பவுடர் கோட்டிங் எல்லாம் அங்கே கிடைக்கும். 1 மிமீ சிஆர் ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) போதும். கேஜில் பேசாமல் மிமீயில் சொல்லுங்கள்: 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9, இரண்டில் எது வந்தாலும் மேலே போட்ட கூட்டல் கெட்டுவிடும்.

வளைக்கும்போது தகடு நீளும். 1 மிமீ தகட்டை 1 மிமீ உள்வளைவில் 90 டிகிரி மடித்தால், வெளி அளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து சுமார் 1.8 மிமீ கழித்துத்தான் தட்டையாக வெட்ட வேண்டும். 100, 205, 100 என்று இரண்டு மடிப்புள்ள யு வடிவத்துக்குத் தட்டை நீளம் 405 அல்ல, 401.4. ஆனால் பட்டறைக்குப் பட்டறை டை (மடிக்கும் அச்சு) மாறும், இந்த 1.8-ஐ நம்பி 20 துண்டு வெட்டாதீர்கள். சரியாக 100 மிமீ நீளப் பட்டை ஒன்றை அதே மெஷினில் நடுவில் மடித்து, இரு கால்களையும் வெளிப்பக்கமாக அளந்து கூட்டுங்கள். 101.7 வந்தால் அந்த மெஷினுக்குக் கழிக்க வேண்டியது 1.7. மடிப்புக் கோட்டை ஒட்டித் துளை போட்டால் அது முட்டை வடிவமாக இழுபடும். 4 மிமீயாவது தள்ளிப் போடுங்கள்.

போர்டின் நான்கு துளைகள் செவ்வகமாக இருக்கும் என்று எண்ணி வரைந்துவிட்டு மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. குறுக்கே 157.48, முன்பின் 154.94 சரிதான். ஆனால் பின்பக்க போர்ட்டுகள் இருக்கும் மூலையில், ஸ்லாட்டுக்கு எதிர்ப்பக்கத் துளை மட்டும் 22.86 மிமீ உள்ளே தள்ளியிருக்கும். பின்பக்க போர்ட்டுகளுக்கான திறப்பு 158.75 × 44.45. கார்டு மாட்டும் ஸ்லாட் பகுதியைப் புதிதாக மடிப்பது பெரும் தலைவலி. பழைய இரும்புக் கடையில் உடைந்த கேபினட் ஒன்றை வாங்கி, அந்தப் பகுதியை மட்டும் அறுத்து ரிவெட் அடிப்பது புத்திசாலித்தனம்.

தகட்டுக்கு முன்னால் அட்டை. வரைபடத்தை 1:1 அளவில் அச்செடுத்து அட்டையில் ஒட்டி வெட்டி, உண்மையான பாகங்களை வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் 100 மிமீ கோடு ஒன்று போட்டு வைத்து, அச்சில் அதை அளந்துவிடுங்கள். பிரிண்டர் தாளுக்கேற்பச் சுருக்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அட்டைப் பெட்டியில்தான் 24 முனைக் கேபிள் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பது புரியும். 3டி பிரிண்டில் உள்தாங்கி செய்தால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரியில் தளர்ந்துவிடும். பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் போடுங்கள்.

பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 0.06 முதல் 0.1 மிமீ ஏறும். இறுக்கமான துளை இன்னும் இறுகும், மரை அடைபடும். மரைத் துளைகளில் சிலிக்கான் அடைப்பான் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அதைவிட முக்கியம், இந்தப் பூச்சு கரண்டைக் கடத்தாது. ஸ்டாண்ட்ஆஃப் அமரும் இடம், எஸ்எம்பிஎஸ் திருகு படும் இடம் இரண்டையும் டேப் ஒட்டி மறைத்துவிடச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும் கரண்ட் நீட்டிப்பு கேபிளில் எர்த் உட்பட மூன்று வயர் இருக்க வேண்டும். பூட்டி முடித்ததும் பிளக்கின் எர்த் முனைக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் ஒரு ஓமுக்குக் கீழ் காட்டாவிட்டால் சுவரில் செருகவே வேண்டாம்.

ரைசர் கேபிளைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. படம் வராமலோ விளையாட்டின் நடுவே திரை இருண்டோ போனால், கார்டைக் குறை சொல்லும் முன் பயாஸில் கார்டு செருகிய பிசிஐஇ ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறை (ஜென் 3) வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள். சரியானால் குற்றவாளி கேபிள்தான்.

கடைசிச் சோதனையை ராத்திரி குளிரில் வைக்காதீர்கள். மதியம் 2 மணிக்கு, சிபியுவுக்கும் கார்டுக்கும் முழு லோடு கொடுத்து 30 நிமிடம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டு இன்னொரு 30 நிமிடம். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் துளை போதவில்லை, தகட்டைத் திரும்ப வெட்ட வேண்டும். ஒன்றிரண்டு டிகிரிதான் மாறுகிறது என்றால் தகட்டின் மேல் பழியில்லை. கூலரை மாற்றுங்கள், அல்லது வாட்டைக் குறையுங்கள்.