நான்காம் நாள் முட்டையின் சிவப்பு

பாலக்கோடு, அரூர் பக்கம் வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் அடை வைத்த முட்டையை ஏழாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். நாட்டுக்கோழி முட்டையின் ஓடு பழுப்பு என்பதால் அதற்கு முன்னால் சரியாகத் தெரியாது. நல்ல எல்.இ.டி. டார்ச் இருந்தால் நான்காம் நாள் இரவே பார்த்துவிடலாம். அறையை இருட்டாக்கி, முட்டையின் அகன்ற பக்கத்தில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால் காற்றறைக்குக் கீழே சிலந்தி காலை விரித்தாற்போல் சிவப்பு இழைகள் ஓடும். கூமுட்டையில் இது இருக்காது. இழை பரவியபின் கரு செத்திருந்தால், சிலந்தி கலைந்து ஒரு சிவப்பு வளையம் மட்டும் நிற்கும்.

அந்தச் சிவப்பு இரத்தம்தான். ஆனால் பொரிந்து வரும் குஞ்சு வளர்ந்து கோழியாகி ஓடும்போது அதன் உடம்பில் இருக்கப்போகும் இரத்தத்துக்கு இது தாயல்ல. அந்தத் தாய், அதாவது இரத்தக் குருத்தணு, அதே மூன்றாம், நான்காம் நாளில் கருவுக்குள் வேறோர் இடத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. எந்த டார்ச்சிலும் தெரியாது.

முதலில் தெரியும் சிவப்பைப் பார்ப்போம். மஞ்சள்கருவின்மேல் பரவும் சவ்வில் இரண்டாம் நாளுக்குள் செல்கள் திட்டுத்திட்டாகக் கூடும். திட்டின் ஓரத்தில் இருப்பவை குழாய்ச் சுவராகும், நடுவில் இருப்பவை இரத்தமாகும். இவற்றுக்கு இரத்தத் தீவுகள் என்று பெயர். மனிதக் கருவில் மஞ்சள்கரு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்தச் சவ்வு ஒரு பையாக இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் அங்கேதான் முதல் இரத்தம் ஊறுகிறது. இந்தச் சிவப்பணுக்கள் பெரியவை, உட்கரு உள்ளவை. இவற்றிலுள்ள ஹீமோகுளோபினும் நம்முடையது போன்றதல்ல. நமக்கு ஆல்பா, பீட்டா என்ற புரதச் சங்கிலிகள். அவற்றுக்கு சீட்டா, எப்சிலான். வேகமாக வளரும் கருவுக்கு உடனடியாக ஆக்சிஜன் வேண்டும், அதற்கான அவசர ஏற்பாடு இது. கூடவே சில விழுங்கணுக்களும் தட்டணுக்களின் தாய்செல்களும் வருகின்றன. அவ்வளவுதான். தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு ஆயுள் முழுக்க எல்லா வகை இரத்த அணுக்களையும் தரக்கூடிய செல் அந்தக் கூட்டத்தில் இல்லை.

இது தெரியவந்த கதைக்கு கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. சந்தூர் நாற்றங்கால்களில் நாட்டு மாங்கன்றின்மேல் வேறு ரகக் குருத்தை வைத்து ஒட்டுக்கட்டுகிறார்கள். வேர் ஒன்று, மேல்மரம் ஒன்று. காய்ப்பது எதன் காய் என்று பார்த்தால் எது எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். 1975இல் பிரான்சில் பிரான்சுவாஸ் டியட்டர்லென்-லியவ்ர் இதையே கருவில் செய்தார். கோழி முட்டையில் கோழிக் கருவின் உடலை எடுத்துவிட்டு, கோழியின் மஞ்சள்கருச் சவ்வின்மேல் காடைக் கருவை ஒட்டினார். இரண்டுக்கும் இரத்த ஓட்டம் சேர்வதற்கு முன்பே ஒட்ட வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். காடை செல்லின் உட்கருவில் அடர்ந்த ஒரு புள்ளி இருக்கும், கோழி செல்லில் இருக்காது; நுண்ணோக்கியில் எந்தச் செல் யாருடையது என்று எண்ணிவிடலாம். தொடக்கத்தில் கோழி இரத்தம் ஓடியது. நாள் போகப்போக அது குறைந்து, தைமஸ், மண்ணீரல் போன்ற உறுப்புகளில் இருந்த இரத்த செல்கள் எல்லாம் காடையுடையவை ஆயின. ஆக, நிரந்தர இரத்தம் கருவின் உடலுக்குள்ளிருந்தே வருகிறது. அதற்கு முன் வரை மஞ்சள்கருச் சவ்வே எல்லாவற்றுக்கும் மூலம் என்ற கருத்துதான் வலுவாக இருந்தது.

உடலுக்குள் எங்கே? முதுகெலும்பு வரப்போகும் இடத்துக்குக் கீழே ஓடும் பெருந்தமனியில், அதன் வயிற்றுப்புறச் சுவரில். 1996இல் மெட்வின்ஸ்கி, ஜியர்சாக் இருவரும் எலிக்கருவின் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வளர்ப்பூடகத்தில் வைத்து, குருத்தணு அங்கேயே உருவாவதைக் காட்டினார்கள். இரத்தக் குருத்தணுவைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிக்குள் செலுத்தி, நான்கு மாதம் கழித்தும் எல்லா வகை இரத்தமும் அதிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறுபவை, பதினொன்றாம் நாள் எலிக்கருவின் தமனிப் பகுதியில் ஏறக்குறைய ஒன்றே ஒன்று. மனிதக் கருவில் இந்தத் தமனிச் சுவரில் ஒட்டிய இரத்தச் செல்திரள்கள் 27ஆம் நாளையொட்டித் தோன்றி, இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடுகின்றன. அந்த ஜன்னல் அதற்குப் பிறகு திறப்பதில்லை. வளர்ந்த ஆளின் மஜ்ஜையில் இரத்தம் தரும் குருத்தணுக்கள் 50,000 முதல் 2 லட்சம் வரை என்பது 2018இல் வெளியான கணக்கு. நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்களை ஊறவைப்பது இவற்றின் வாரிசுகள்தான்.

சுவர் எப்படி இரத்தமாகிறது என்பதுதான் இதில் சுவாரசியமான இடம். தமனியின் உட்சுவர் செல்கள் தளவரிசைக் கல் போலத் தட்டையானவை, பக்கத்துச் செல்லோடு இறுக ஒட்டியவை. நாட்ச் என்ற சமிக்ஞை முதலில் அந்தக் குழாயை 'நீ சிரை அல்ல, தமனி' என்று ஆக்குகிறது. வயிற்றுப்புறத்திலிருந்து பி.எம்.பி.4 என்ற புரதம் கசிகிறது. அந்தப் பக்கத்துச் சில செல்களில் மட்டும் ரன்எக்ஸ்1 மரபணு விழிக்கிறது. அது ஜி.எஃப்.ஐ.1 என்ற இன்னொன்றை எழுப்ப, சுவர் செல்லாக இருப்பதற்கான மரபணுக்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. செல் உருண்டு, புடைத்து, பிடியைத் தளர்த்திக் கழன்று இரத்த ஓட்டத்தில் விழுகிறது. காலியான இடத்தை இருபுறத்துச் செல்களும் இழுத்து மூடிவிடுகின்றன, குழாய் ஒழுகுவதில்லை. உடல் கண்ணாடி போலிருக்கும் வரிக்குதிரை மீனில் 2010இல் இதை நேரடியாகவே படம் பிடித்தார்கள். மீனில் மட்டும் செல் குழாய்க்கு உள்ளே விழாமல் வெளிப்புறமாக வளைந்து வருகிறது. ரன்எக்ஸ்1 இல்லாத மீனில் செல் கழலத் தொடங்குகிறது, ஆனால் பாதியில் வெடித்துச் சிதறுகிறது. அதே ரன்எக்ஸ்1ஐ, செல் இரத்தமாக மாறி முடிந்தபின் நீக்கினால் குருத்தணு உற்பத்தி நிற்பதில்லை. மோட்டாரை ஓடவைக்கும் ஸ்டார்ட்டர் பொத்தான் போலத்தான்: ஓடத் தொடங்கியபின் அதிலிருந்து கையை எடுத்துவிடலாம்.

இதயம் துடித்தாக வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இதயம் துடிக்காத பிறழ்வு மீன்களில் குருத்தணுக்கள் மிகவும் குறைவு. ஓடும் இரத்தம் சுவரை உராய்வதால் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. ஓட்டமில்லாத மீனுக்கு அந்த வாயுவைத் தரும் மருந்தைக் கொடுத்தால் குருத்தணுக்கள் திரும்பி வருகின்றன. அப்படியானால் முதல் இரத்தம் வெறும் ஆக்சிஜன் வண்டியல்ல. அதன் ஓட்டமும், அதிலிருந்து வந்த விழுங்கணுக்கள் சுரக்கும் அழற்சிச் சமிக்ஞைகளும் அடுத்த இரத்தம் பிறக்க உதவுகின்றன. தாய் இல்லை என்று மேலே சொன்னோம். மருத்துவச்சி என்று சொல்லலாம்.

பிறந்த இடத்தில் குருத்தணு தங்குவதில்லை. கேழ்வரகை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதுபோல, பாலூட்டிகளில் அது முதலில் கருவின் கல்லீரலுக்குப் போகிறது. மனிதரில் ஆறாவது வாரம் முதல் பல மாதங்கள் கல்லீரல்தான் இரத்தத் தொழிற்சாலை. அங்கே குருத்தணுக்கள் ஓய்வில்லாமல் பிரிகின்றன. பத்து, பதினோரு வாரத்தில் எலும்புக்குள் மஜ்ஜை தொடங்கினாலும், கடைசி மூன்று மாதங்களில்தான் அது முழுப் பொறுப்பை ஏற்கிறது. சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதம் வா என்று அழைக்கிறது, எஸ்.சி.எஃப். என்ற இன்னொரு புரதம் அங்கே பிடித்து வைக்கிறது. கல்லீரல் ஏன் விட்டுக்கொடுக்கிறது? எலியில் பார்த்தபோது, பிறந்து தொப்புள்கொடி ஓட்டம் நின்றதும் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் குழாய்கள் தமனித் தன்மையை இழந்து சிரையாகின்றன. அவற்றைச் சுற்றியிருந்து குருத்தணுவைப் பேணிய செல்களும் மறைகின்றன. கோழியில் இந்தக் கல்லீரல் கட்டமே கிட்டத்தட்டக் கிடையாது. மஞ்சள்கருச் சவ்வே நாற்றங்காலாக இருந்து, நேரே மஜ்ஜைக்கு அனுப்பிவிடுகிறது.

இந்த நாள்கணக்கு தெரிந்தால் சில நோய்கள் புரியும். கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதிலாக காமா சங்கிலி. பிறந்தபின் பி.சி.எல்.11ஏ என்ற புரதம் காமாவை அணைத்துவிட, பீட்டா பொறுப்பேற்கிறது. அதனால்தான் பீட்டா சங்கிலி சரியாக உருவாகாத நோயான கடுமையான பீட்டா தலசீமியா உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாக இருந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு வெளிறத் தொடங்குகிறது. பெற்றோர் பாலையும் சாப்பாட்டையும் குறை சொல்லிக்கொள்வார்கள், காரணம் அதுவல்ல. குழந்தைகளுக்கு இரண்டு முதல் ஐந்து வயதில் வரும் ஒருவகை இரத்தப் புற்றின் முதல் பிழை, ஈடிவி6, ரன்எக்ஸ்1 என்ற இரு மரபணுக்களும் தவறாக ஒட்டிக்கொள்வது, கருப்பையிலேயே நடந்துவிடுகிறது. அந்தப் பிழையோடு பிறக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பிறந்தபின் இரண்டாவது பிழையும் சேர வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ள சில சிசுக்களில் கருக் கல்லீரலில் கேட்டா1 மரபணு பிறழ்ந்து, பிறந்ததும் இரத்தப் புற்று போலவே காட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கிவிடும். ஆனால் சிலருக்குப் பின்னர் உண்மையான புற்று வருவதால் இரத்தப் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

ஆய்வகத்தில் இரத்தக் குருத்தணுவை உருவாக்குவது ஏன் இத்தனை ஆண்டு இழுத்தது என்பதற்கும் விடை இங்கேதான். தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி எந்தச் செல்லாகவும் ஆகக்கூடியதாக மாற்ற 2007இலேயே தெரிந்துவிட்டது. அதிலிருந்து இரத்தம் எடுத்தால் திரும்பத் திரும்ப முதல் வகை, அதாவது மஞ்சள்கருச் சவ்வின் இரத்தமே வந்துகொண்டிருந்தது. தமனிச் சுவர் என்ற கட்டத்தைத் தாண்டவைக்க வேண்டும், அதற்குரிய நாளில் பி.எம்.பி.4, இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி, வைட்டமின் ஏ வகைப் பொருள் ஆகியவற்றைக் கொடுத்தாக வேண்டும். மெல்போர்ன் குழு 2024இல் அப்படிச் செய்த செல்களை எதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளுக்குள் செலுத்தியபோது, சிறந்த முறையில் ஏறக்குறைய பாதி எலிகளின் மஜ்ஜையில் அவை வேர்பிடித்துப் பலவகை இரத்த அணுக்களையும் தந்தன.