கோட்டையில் முளைத்த இன்னொரு கொடிக்கம்பம்

1935-ல் காம்பியா வெளியிட்ட தபால்தலையில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் வின்ட்சர் கோட்டை இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், சில பிரதிகளில் மட்டும் கோட்டையின் கொடிக்கம்பம் போக மயிரிழை போல இன்னொரு கம்பமும் நிற்கும். சியரா லியோன் தபால்தலையிலும் அதே கம்பம், அதே இடத்தில். சுவாசிலாந்திலும் (இன்றைய எஸ்வாட்டினி) அப்படித்தான். மூன்று நாடுகள், ஒரே தப்பு. எப்படி?

மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்து 25 ஆண்டு நிறைந்த நாள் 1935 மே 6. அந்த வெள்ளி விழாவுக்காக 44 பிரிட்டிஷ் காலனிகளுக்கு ஒரே வடிவமைப்பில், காலனிக்கு நான்கு விலைகளில் தபால்தலை போட்டார்கள். வேலையைப் பிராட்பரி வில்கின்சன், டி லா ரூ, வாட்டர்லோ என்ற மூன்று பிரிட்டிஷ் அச்சகங்கள் பகிர்ந்துகொண்டன.

அச்சிட்டது செதுக்கு முறையில். புது 500 ரூபாய் நோட்டில் காந்தி படத்தைத் தடவினால் சொரசொரவென்று இருக்கிறதே, அந்த முறைதான். எஃகுத் துண்டில் படத்தைப் பள்ளமாகச் செதுக்கி, அதைக் கெட்டிப்படுத்துவார்கள். அதன்மேல் மென்மையான எஃகு உருளையை அழுத்தி உருட்டினால், உருளையில் படம் மேடாக ஏறும். அந்த உருளையையும் கெட்டிப்படுத்தி, பெரிய பிளேட்டில் வரிசையாக 60 தடவை அழுத்துவார்கள். பிளேட் முழுக்க மை தடவித் துடைத்தால் பள்ளத்தில் உள்ளது மட்டும் தங்கும். தாளை வைத்து நசுக்கும்போது தாள் அதை உறிஞ்சி எடுத்துவிடும்.

இங்கேதான் வம்பு. பிளேட்டில் எது பள்ளமானாலும் அது தாளில் கோடுதான். உளி லேசாக வழுக்கினாலும் சரி, ஒரு கீறல் விழுந்தாலும் சரி, இயந்திரம் அதையும் விசுவாசமாக அச்சடித்துத் தரும்.

இந்தத் தபால்தலைகள் இரண்டு நிறம், ஆகவே இரண்டு பிளேட். நாட்டின் பெயரும் விலையும் ஒன்றில், கோட்டை இன்னொன்றில். பெயர் பிளேட்டை நாட்டுக்கு நாடு, விலைக்கு விலை மாற்றியாக வேண்டும். கோட்டையை எதற்கு மாற்றுவது? அதே பிளேட்டில் வேறு நிற மையைத் தடவி அடுத்த காலனிக்கு ஓட்டிவிட்டார்கள். பிராட்பரி வில்கின்சனின் 1-ஆம் பிளேட்டில் ஒன்பதாவது வரிசையின் முதல் கோட்டையில்தான் அந்தக் கம்பம். அது பிளேட்டோடு நாடு நாடாகப் போனது.

இதைக் கண்டுபிடித்த வழி பொறுமைக்குப் பேர்போனது. கிழிக்காத முழுத்தாள்களையும், ஓரத்தோடு கிழித்த துண்டுகளையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பிளேட் எண் ஓரத்தில்தான் இருக்கும். ஒரு கோடு ஒரே ஒரு தாளில் வந்தால் அது தூசியோ நூலோ, மறந்துவிடலாம். வேறு வேறு தாள்களில் அதே கட்டத்தில் திரும்பத் திரும்ப வந்தால்தான் பிளேட்டின் தழும்பு. இப்படித் தேறியவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் பேரும் வைத்துவிட்டார்கள்: ‘கூடுதல் கொடிக்கம்பம்’, ‘இடிதாங்கி’, ‘காற்றாடி’. மன்னரைக் கொண்டாட வந்த தபால்தலையில் மன்னரை யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

தப்பு உள்ள பிரதிக்குக் காசு அதிகம் என்றதும் பேனாவால் கம்பம் வரைய ஆள் கிளம்பாமலா இருப்பான்? பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். செதுக்கு அச்சின் கோடு தாளுக்கு மேலே லேசாகப் புடைத்து நிற்கும், பேனா மை தட்டையாக நாருக்குள் கசிந்திருக்கும்.

அதே விழாவுக்கு இந்தியா தனியாக ஏழு தபால்தலை வெளியிட்டது. ஒரு அணா தலையில் ராமேசுவரம் கோயில். அவை நாசிக்கில் வேறு முறையில் அச்சானவை, இந்தக் கம்பத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இலங்கை அப்படியல்ல. அதன் 6, 9, 20, 50 சென்ட் தலைகளில் அதே கோட்டைதான். ஆனால் அச்சிட்டது டி லா ரூ. அதனால் கம்பத்தைத் தேடிப் பயனில்லை. டி லா ரூவின் தழும்புகள் வேறு: கோபுரத்தருகே ஒரு சாய்கோடு, கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்துக்கு இடப்பக்கம் ஒரு புள்ளி.

என்னிடம் உள்ள 6 சென்ட் தலையில் அந்தப் புள்ளி, சொல்லிவைத்த மாதிரி தேவாலயத்துக்கு இடப்பக்கமே இருந்தது. ஒரு வாரம் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். அப்புறம் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தபோது அது கொஞ்சம் அதிகமாகவே புடைத்திருந்தது. ஈரப் பஞ்சால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ஈ எச்சம்.