மண்ணுக்குள் இருக்கும் காலி இடம்

நல்ல மண்ணில் பாதி காலி இடம். செழிப்பான மேல்மண்ணை ஒரு கன அடி வெட்டி எடுத்தால் அதில் மணல், வண்டல், களி எல்லாம் சேர்ந்து சுமார் 45 சதவீதம்தான். மட்கிய இலைதழையும் உயிர்களும் இன்னொரு சில சதவீதம். மீதியில் காற்றும் தண்ணீரும் மாறி மாறிக் குடியிருக்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் வரும், காய்ந்தால் அந்த இடத்தில் காற்று ஏறும்.

மண்வளம் என்றதும் பேச்சு தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்றுதான் போகிறது. சத்துகள் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் முதலில் காக்க வேண்டியது எது என்று கேட்டால் இந்தக் காலி இடத்தைத்தான் சொல்வேன். சத்து குறைந்தால் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டுவிடலாம். காலி இடத்தை எந்த மூட்டையிலும் வாங்க முடியாது.

அந்தக் காலி இடமும் ஒரே அளவாக இருந்தால் பயனில்லை. மணலில் துளைகள் பெரியவை. தண்ணீர் நிற்காமல் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது, துளைகளும் அதற்கேற்ற நுணுக்கம். அங்கே தண்ணீர் இருக்கும், ஆனால் வேர் உறிஞ்ச முடியாத அளவுக்குக் களி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பயிருக்கு வேண்டியவை இரண்டு: மழை சட்டென்று உள்ளே இறங்க அகலமான வழிகள், மழை நின்றபின் ஈரத்தைச் சேர்த்துவைக்கச் சின்னத் துளைகள். ஒரே மண்ணில் இவை இரண்டும் எப்படி அமையும்? துகள்கள் ஒட்டிக்கொண்டு சிறு சிறு உருண்டைகளாகச் சேரும்போது அமையும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும் மண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் சின்னத் துளைகள், உருண்டைகளுக்கு நடுவே பெரிய துளைகள்.

சரி, இந்த உருண்டைகளைச் செய்வது யார்? களித்துகள்களில் இருக்கும் மின்னேற்றமும் கால்சியம், இரும்பு போன்றவையும் ஓரளவுக்குத் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கின்றன. ஆனால் மழையில் கரையாத அளவுக்கு உறுதி கிடைப்பது பெரும்பாலும் உயிர்களால். செடி, இலையில் தயாரிக்கும் சர்க்கரையில் கணிசமான ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உணவில்லாமல் முடங்கிக் கிடப்பவை. வேர் கசியும் இடத்தில் அவை உயிர்பெற்றுப் பெருகுகின்றன. பெருகும்போது, காய்ந்துபோகாமல் இருக்கத் தம்மைச் சுற்றிப் பசைபோன்ற ஒன்றைச் சுரக்கின்றன. அந்தப் பசையில் களித்துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. தம் பிழைப்புக்காக அவை செய்யும் வேலையில் மண்ணுக்கு வடிவம் கிடைத்துவிடுகிறது.

அடுத்து பூஞ்சைகள். வேர்த்தூவியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாக அவை துகள்களுக்கு நடுவே நுழைந்து, சின்ன உருண்டைகளைப் பெரிய உருண்டைகளாகக் கட்டுகின்றன. சில பூஞ்சைகள் வேரோடு நிரந்தரக் கூட்டு வைத்திருக்கின்றன. ஜெர்மன் ஆய்வாளர் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க் 1885-இல் இந்தக் கூட்டுக்குப் பெயர் வைத்தார்; இன்று அதை வேர்ப்பூஞ்சை என்கிறோம். நிலத்தாவரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இது உண்டு. செடி சர்க்கரை கொடுக்கும். வேர் எட்டாத தூரத்திலிருந்து பூஞ்சை மணிச்சத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்து சேர்க்கும். கூட்டாளிக்கு உணவு தருவதற்கு மேலே ஒரு பச்சைச் செடி உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்புழுவைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. சார்லஸ் டார்வின் தன் வாழ்நாளின் பல பத்தாண்டுகள் மண்புழுக்களைக் கவனித்து, 1881-இல், அதாவது இறப்பதற்கு முந்தைய ஆண்டு, அதைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஆண்டுதோறும் ஏக்கருக்குப் பத்து டன்னுக்கும் மேலான மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். புழுவின் குடலில் மண்ணும் மட்கும் பிசைந்து கலந்து, உறுதியான உருண்டைகளாக வெளியே வருகின்றன. அது குடைந்த வளைகள் மழைநீருக்கு நேர்வழி. புழு செத்த பிறகும் அந்த வழி பல காலம் நிற்கும். வேர்களும் அதிலேயே இறங்கும். இப்படியொரு வேலையை இலவசமாகச் செய்யும் உயிரை நாம் கொஞ்சம்கூட யோசிக்காமல் அழித்துவருவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.  

இவ்வளவு பேர் சேர்ந்து கட்டியது உடைய ஒரு மழை போதும். பெரிய மழைத்துளி விநாடிக்குச் சுமார் ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. அங்கே இலையோ சருகோ இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும். வெறும் மண்ணாக இருந்தால் உருண்டை சிதறும். சிதறிய நுண்துகள்கள் தண்ணீரோடு போய்ப் பெரிய துளைகளின் வாயை அடைக்கின்றன. வெயில் அடித்ததும் மேலே பொருக்கு தட்டுகிறது. முளை அதைத் துளைத்து வர முடியாமல் தவிக்கும். அடுத்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடும், ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். கீழே வெள்ளம், மேலே வறட்சி என்று ஒரே மழையில் இரண்டும் வருவது இப்படித்தான்.

உழவு வேறு விதமாக உடைக்கிறது. உருண்டைகளின் உள்ளே இருக்கும் மட்கு, நுண்ணுயிரிகளின் கைக்கு எட்டாமல் ஒளிந்திருக்கிறது. கலப்பை கிளறும்போது அது வெளியே வந்து காற்றுப் படுகிறது. நுண்ணுயிரிகள் ஒரே பாய்ச்சலாக அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக விட்டுவிடுகின்றன. அந்த நேரத்தில் சத்துகள் விடுபடுவதால் பயிர் நன்றாக வரும். உழவு மண்ணை வளமாக்குகிறது என்ற எண்ணம் இதிலிருந்து வந்ததுதான். உண்மையில் சேமிப்பு கரைகிறது. உலகம் முழுவதும் மேல் ஒரு மீட்டர் மண்ணில் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன் கரிமம், அதாவது மட்கில் அடங்கிய கார்பன், இருக்கிறது. காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ளதைக் கூட்டினாலும் அதைவிட இது அதிகம். அதனால் மண் கெடுவது நிலத்துக்காரரின் கவலையோடு நின்றுவிடுவதில்லை.

கனமான இயந்திரங்கள் அடிமண்ணை அமுக்கிவிடும். அந்த இறுக்கம் பல பத்தாண்டுகள் போனாலும் தளராது. உவர்நீரின் சோடியம் களித்துகள்களைப் பிரித்து மண்ணைச் சேறாக்கிவிடும். கான்கிரீட் போட்டு மூடினால் அங்கே கதை முடிந்தது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் பெருஞ்சமவெளி 1930-களில் சாட்சியானது. பல ஆயிரம் ஆண்டுகளாகப் புல்வேர்கள் பிடித்துவைத்திருந்த நிலத்தைக் கோதுமைக்காகப் புரட்டிப் போட்டார்கள். வறட்சி வந்தது, பயிர் கருகியது, பிடித்துவைக்க வேர் இல்லை. 1934 மே மாதம் கிளம்பிய ஒரு புழுதிப்புயல் நியூயார்க்கைத் தாண்டி, அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்கள்மேல் மண்ணைக் கொட்டியது. அடுத்த ஆண்டே அந்த நாடு மண் பாதுகாப்புக்கென்று சட்டம் போட்டது. பறந்துபோன மண்ணைச் சட்டத்தால் திருப்பிக் கொண்டுவர முடியுமா? இயற்கை ஒரு சென்டிமீட்டர் மண்ணை உருவாக்க நூற்றாண்டுகள் பிடிக்கும். உழுது வெறுமையாக விடும் வயல்களில் மண் உருவாகும் வேகத்தைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வேகத்தில் அது போய்க்கொண்டிருக்கிறது.

உழவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உழாமல் விதைக்கும் முறையில் களைக்கொல்லியை அதிகம் நம்பவேண்டி வரலாம். இறுகிய களிமண்ணில் முதல் சில ஆண்டுகள் விளைச்சல் குறையவும் கூடும். அது தானாகவே ஏராளமான கரிமத்தை மண்ணில் சேர்த்துவிடும் என்று சொல்வதும் மிகைதான். பல நிலங்களில் கரிமம் மேலடுக்கில் கூடி, கீழே குறைகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது மண்ணை மூடி வைப்பது. அறுவடைத் தாளை எரிக்காமல் மூடாக்காகப் போடலாம். இரண்டு பயிர்களுக்கு நடுவே பசுந்தாள் விதைக்கலாம். தொழுவுரமும் மட்கும் சேர்க்கலாம். சரிவில் சமமட்டத்தில் வரப்பு போடலாம். மண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு வேர் உயிரோடு இருந்தால் நுண்ணுயிரிக்கும் பூஞ்சைக்கும் சர்க்கரை நிற்காது.

உங்கள் மண் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. பல காலமாகக் கிளறாத புல்தரையிலிருந்து ஒரு மண்கட்டி, அடிக்கடி கிளறி வெறுமையாகக் கிடக்கும் பக்கத்து இடத்திலிருந்து அதே அளவில் ஒரு மண்கட்டி எடுங்கள். இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் நிரப்பி, மேற்பகுதியில் கம்பிவலையைப் பொருத்தி, கட்டிகள் நீரில் மூழ்கும்படி அதன்மேல் வையுங்கள். தண்ணீர் வேகமாக உள்ளே ஏறும்போது கட்டிக்குள் சிக்கிய காற்று நெருக்கப்பட்டு வெடித்து வெளியேறும். பசை இல்லாத கட்டி சில நிமிடங்களில் கரைந்து அடியில் சேறாகப் படியும். மற்றது வெகுநேரம் உடையாமல் நிற்கும். இரண்டிலும் மணலும் களியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும் இந்த வித்தியாசம் தெரியும்.

கெட்ட மண் தேறுமா? இங்கிலாந்தில் 1843 முதல் வயல் ஆய்வுகள் நடத்திவரும் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் ஒரு புல்வெளித் துண்டை 1959-இலிருந்து ஒரு செடிகூட முளைக்க விடாமல் உழுதுகொண்டே வைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அதன் கரிமமும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் பெரிதாகக் குறைந்திருந்தன. ஆனால் பாக்டீரியா வகைகள் குறையவில்லை. பட்டினியிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கியிருந்தன. பிறகு அதில் ஒரு பகுதியில் மறுபடி புல் வளரவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே மண்ணுயிர்கள் பெருகிவிட்டன. இழந்த கரிமம் மட்டும் அந்த வேகத்தில் திரும்பவில்லை.