அழுத்தினால் குழி விழாத வீக்கம்

'முகம் ஊதியிருக்கிறது. சிறுநீரகப் பரிசோதனை சரியாகத்தான் வந்தது. பிறகு எதற்குத் தைராய்டு பார்க்கச் சொல்கிறார்கள்?' என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் வியர்வை குறையும், தோல் வறண்டு சில்லிடும், முடி கொட்டும், புருவத்தின் வெளி ஓரம் மெலியும். இதெல்லாம் வேறு காரணங்களாலும் வரும். கவனிக்க வேண்டியது வீக்கத்தை.

கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் 10 விநாடி அழுத்தி எடுங்கள். இதயமோ சிறுநீரகமோ காரணமென்றால் பெரும்பாலும் குழி விழும். அங்கே தேங்கியிருப்பது வெறும் நீர், அழுத்தினால் விலகிவிடும். தைராய்டு வீக்கத்தில் குழி விழாது. தோலின் உள்ளடுக்கிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஹயலூரானிக் அமிலம் போன்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகளைச் சுரக்கின்றன. ஹார்மோன் குறையும்போது இவை மிதமிஞ்சிச் சேர்ந்துவிடுகின்றன. சங்கிலி நெடுக எதிர்மின்னேற்றம். அது சோடியத்தைப் பிடித்துவைக்கும், சோடியம் நீரை இழுக்கும். இப்படிச் சிக்கிய நீர் ஜெல்லாகிவிடுகிறது, விரலுக்கு விலகுவதில்லை. இமை உப்புவதும் நாக்கு தடிப்பதும் குரல் கரகரப்பதும் இதே படிவால்தான். 1878இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆர்ட் இதற்கு மிக்ஸெடீமா என்று பெயரிட்டார். 1891இல் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், சுரப்பு மிஞ்சும் கிரேவ்ஸ் நோயிலும் சிலருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் ஆரஞ்சுத் தோல்போல் தடிக்கிறது. தைராய்டைத் தூண்டும் அதே எதிர்ப்புப் புரதம் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் தூண்டிவிடுவதுதான் காரணம். அதனால் ஹார்மோன் அளவு சீரானாலும் தடிப்பு நீடிக்கலாம்.

சுரப்புக் குறைவில் உள்ளங்கை மஞ்சளாவதும் உண்டு: கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றும் வேலை தளர்கிறது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகாது. ஆனால் மஞ்சள் காமாலை என்று கருதிப் பத்தியம் இருப்பவர்கள் இருக்கிறார்கள்! கழுத்துக் கருப்பையும் பலர் தைராய்டின் தலையில் கட்டுகிறார்கள். அது பெரும்பாலும் இன்சுலின் சமாச்சாரம்.

சந்தேகமிருந்தால் ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) இரண்டும் பாருங்கள். சுரப்பு குறைந்தால் பெரும்பாலும் முன்னது ஏறும், பின்னது இறங்கும். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் குறைந்தது 2 நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். அதனால் சுரப்பு குறைந்தவருக்கே 'எல்லாம் சரி' என்று அறிக்கை வந்துவிடும். சுரப்புக் குறைவுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். மறு பரிசோதனை 6 முதல் 8 வாரத்தில். முடி தேற அதற்கும் மேலே சில மாதங்கள் ஆகும்.