வெப்பத் தீவா, நகர வெக்கையா?

‘நகர்ப்புற வெப்பத் தீவு விளைவு.’ நேற்றுப் படித்த கட்டுரையிலும் ஒரே பத்தியில் மூன்று தடவை. நான்கும் நமக்குத் தெரிந்த சொற்கள்தான். சேர்த்து வைத்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓர் இதழில் இந்தத் தலைப்புக்கு நடுக்கடலில் ஒற்றைத் தென்னை நிற்கிற படம் போட்டிருந்தார்கள். ஓவியரைக் குறை சொல்ல மாட்டேன். படித்ததை வரைந்திருக்கிறார்.

பொருள் எளிது. சுற்றியுள்ள வெளியைவிட நகரம் சூடாக இருப்பது. 1818-இலேயே லூக் ஹவார்ட் லண்டனை அளந்து எழுதத் தொடங்கிவிட்டார்: இரவில் நகரம் சுமார் 3.7 பாரன்ஹீட் பாகை கூடுதல் சூடு, பகலில் மயிரிழை குளிர்ச்சி. மேகங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய மனிதர், இதைத் தீவு என்று சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒரே வெப்பமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்து வரைபடம் போட்டார்கள். அதில் நகரம் தீவு மாதிரி தெரிந்தது. அவ்வளவுதான் கதை.

வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தீவு சரி. மற்றவர்களுக்குத் தீவு என்றால் தண்ணீர். வடமொழி ‘த்வீப’த்திலிருந்து வந்தது என்கிறது அகராதி, அந்தச் சொல்லுக்குள்ளேயே நீர் இருக்கிறது. (தனித்தமிழ் அன்பர்கள் வேறு வேர் காட்டுவார்கள். இப்போது அந்தச் சண்டை வேண்டாம்.) மண்ணும் மரமும் நீரை ஆவியாக்கித் தணித்த சூட்டை, அந்த ஈரத்தைக் கான்கிரீட்டால் மூடியல்லவா கிளப்பிவிட்டோம்? ஈரம் போனதால் வந்த கேட்டுக்கு நீர் சூழ்ந்த பெயர்!

‘நகர்ப்புறம்’ இன்னும் மோசம். புறநகர் ஆறிக் கிடக்க, நெருக்கிக் கட்டிய நடுநகர்தான் கொதிக்கிறது. அங்கே போய்ப் ‘புறம்’ எதற்கு? ‘விளைவு’ யாருடையது? தீவால் வந்ததா, தீவேதானா? மொழிபெயர்ப்பவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆங்கில மூலத்தில் நான்கு சொல் இருந்தால் தமிழிலும் எண்ணி வைத்துவிட வேண்டும் அவருக்கு.

நான் ‘நகர வெக்கை’ என்பேன். வெயில் வானத்திலிருந்து வருவது, வெக்கை சுவரிலிருந்து. இரவு ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், பகல் முழுக்கக் குடித்ததை அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். எதிர்ச்சுவர் அதை வாங்கித் திருப்பும். ஏசியின் வெளிப்பெட்டி, அறையிலிருந்து இழுத்த சூட்டோடு தான் தின்ற மின்சாரத்தையும் சூடாக்கித் தெருவில் கொட்டும். தெரு சூடேறினால் பக்கத்து வீட்டு ஏசி இன்னும் திணறும், மின்சாரம் இன்னும் இழுக்கும். இத்தனையும் ‘வெக்கை’யில் கேட்கிறது. வரைபடத்தைச் சொல்லியே தீர வேண்டுமானால் ‘வெக்கைத் திட்டு’ போதும்.

வெக்கை மாட்டு நோய் ஆயிற்றே என்றார் ஒரு நண்பர். அந்த நோய் உலகை விட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தாயிற்று. சொல் சும்மாதான் கிடக்கிறது.