கூத்துக் களத்தில் மூன்றாவது பின்

பாலக்கோடு பக்கத்து ஊர் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. ராத்திரி ஒன்பதரை மணி. புழுதி அடங்கக் களத்தில் தண்ணீர் தெளித்து முடித்திருந்தார்கள். குறுக்குக் கம்பில் மூன்று மைக் தொங்கின. வேஷம் கட்டி வந்தவர் கிரீடத்தைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். புறங்கை மைக்கில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "கரண்ட் அடிக்குதுண்ணா" என்றார்.

வெறுங்கால், ஈரத் தரை, உடம்பெல்லாம் வியர்வை. அவர் அந்த மைக்கைக் கை மடக்கிப் பிடித்திருந்தால் விட்டிருக்கவே முடியாது. தசை இறுகிக்கொள்ளும்.

ஆம்ப்ளிஃபையர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவதான எர்த் பின்னுக்குப் போக வேண்டிய பச்சை ஒயரை வெட்டி, டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார்கள். சவுண்ட் செட் தம்பியைக் கேட்டால், "எர்த் குடுத்தா உம்முனு இரையுதுண்ணா" என்கிறார்.

இரையும், உண்மைதான். மிக்ஸருக்கு ஒரு இடத்திலும் ஆம்ப்ளிஃபையருக்கு வேறு இடத்திலும் கரண்ட் எடுத்தால் அந்த இரைச்சல் வரும். இரண்டையும் ஒரே போர்டில் சொருகினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்; அது சத்தத்தை மட்டும் விட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒயர்த் தொடர்பைப் பிரித்துவிடும். எர்த்தை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டிய பிறகு உள்ளே இன்சுலேஷன் பழுதானால், பேஸ் கரண்ட் பெட்டியின் உடம்புக்கு வந்து, மைக் கேபிளைச் சுற்றியுள்ள கம்பி வலையான ஷீல்டு வழியாக மைக்கின் இரும்பு வலை வரை போய் நிற்கும்.

"எம்சிபி இருக்கே, விழுந்துடாதா?" என்று விழாக் குழுவினர் கேட்கிறார்கள். எம்சிபி என்பது சுமை அளவு மீறினாலோ ஷார்ட் ஆனாலோ தானே விழும் சுவிட்ச். இதற்கு விழாது. நனைந்த உடம்பின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 0.23 ஆம்பியர். ஆளைக் கொல்ல அது போதும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பின் சுமை. மனிதனைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கரண்ட் வேறு வழியில் கசிவதைக் கண்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். நம் பக்கத்துப் பாறை மண்ணில், சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும்போது இதன் அருமை இன்னும் தெரியும். எர்த் சுமாராக இருந்தால்கூட இது வேலை செய்யும்.

ஜெனரேட்டரில் மட்டும் கவனம் வேண்டும். வாடகைக்கு வரும் சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதோடும் சேராமல் மிதக்கும். அப்படி இருந்தால் கசிவு மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை, ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். நியூட்ரலை ஜெனரேட்டர் உடம்போடும் எர்த் கம்பியோடும் இணைப்பதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் செய்யட்டும்.

கூத்துக்கு முன் நான் செய்யும் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். முதலில் கண்ணும் கையும். பிளக் எல்லாம் கழற்றியபின் ஒவ்வொரு ஒயரையும் விரலால் நீவிக்கொண்டே போவேன். டேப் சுற்றிய ஜாயின்ட் களத்துக்குள் இருந்தால் அந்த ஒயர் வெளியே போகும். அப்புறம் மல்டிமீட்டரில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஃபோகஸ் லைட்டின் உடம்புக்கும் நடுவே பார்ப்பேன். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பழைய ஹாலஜன் லைட்டுக்கு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டு, ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அன்றைக்கு அது எரியாது. எல்இடி லைட்டையும் ஆம்ப்ளிஃபையரையும் அப்படியே மெகரில் போட்டால் உள்ளே கெட்டுப்போகலாம், அதனால் அவற்றுக்குக் கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டர். கடைசியில் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன். அது விழுந்தால் ஆர்சிசிபி உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எர்த் சரி என்று ஆகாது.

டெஸ்டரில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். டெஸ்டர் பேஸைச் சொல்லும். எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

ஆடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லேசாகச் சுள்ளென்றால் "பரவாயில்லை" என்று ஆடப் போகாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முன்பணம் வாங்கும்போதே கூத்து வாத்தியார் ஆர்சிசிபி வேண்டும் என்று பேசிவிடட்டும். யாராவது மாட்டிக்கொண்டால் தொடாமல் மெயினை அணையுங்கள், மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்பதை வேஷம் கட்டும் முன்பே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.